வராத நாளின் கையெழுத்து

பொய்க் கையெழுத்துப் போடுவதில் நான் கைதேர்ந்தவள். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு மனுஷி உயிரோடு கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் வந்து போனதாக என் கையால் நோட்டில் எழுதினேன். அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஏரியை ஒட்டி ஒரு கிராமம். அங்கே நான் ஊர்ப்புற நூலகர். ஒரே அறை, எட்டு இரும்பு அலமாரி, இரண்டு மேஜை, பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி. வாசலை ஒட்டிய மேஜைமேல் வருகைப் பதிவேடு. வருகிறவர்கள் அதில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து குறைந்தால், ஆளே வராத ஊருக்கு நூலகம் எதற்கு என்று மேலே இருந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டுவிட்டால் அந்தக் கட்டடத்துக்கும் பூட்டு, என் பிழைப்புக்கும் பூட்டு. அதனால் வராதவர்களையும் நான் வரவைப்பேன். நீலப் பேனா இரண்டு, கறுப்புப் பேனா ஒன்று, வலது கை, இடது கை. வாசல் வழியே சைக்கிளில் போகிற பால்காரர் என் நோட்டில் தினசரி வாசகர். அவர் ஒரு நாள்கூடச் செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததில்லை. இது நான் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, பக்கத்து ஊர் நூலகர் ஒருவர் குரலைத் தாழ்த்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

எனக்கு ஐம்பதுக்கு ஒன்று குறைவு. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வயது போனதே தெரியவில்லை. அம்மாவும் போன பிறகு, உத்திரமேரூரில் மாடிப் போர்ஷனில் நானும் டிவியும். டிவியை நான் பார்ப்பதில்லை, சத்தத்துக்காகப் போட்டு வைப்பேன். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினோரு வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. முத்திரை குத்துவேன், தூசி தட்டுவேன், அடுக்குவேன். மிட்டாய்க் கடைக்காரி வாயில் மிட்டாய் போகாது என்பார்களே, அந்தக் கதைதான்.

நான் அக்கா என்று கூப்பிடுகிற அந்த மனுஷி முதன்முதலாக நூலகத்துக்கு வந்தது ஒரு கத்திரி வெயில் நாளில். அறுபதைத் தாண்டிய உடம்பு, முழங்கால் தெரிய இழுத்துச் செருகிய புடவை. செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டார்.

"உள்ள ஒக்காரலாமா மேடம்? காசு எதுனா கட்டணுமா?"

"காசெல்லாம் இல்ல. உக்காருங்க."

"எத்தினி நேரம் ஒக்காரலாம்?"

"மூடற வரைக்கும்."

"யாரும் எய்ந்திருன்னு சொல்ல மாட்டாங்களா?"

நாற்காலியைக் காட்டினேன். விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில், நுனியில் மட்டும் பட்டும் படாமல் உட்கார்ந்தார். ஊருக்குள் எந்த வீட்டுப் படியில் உட்காரலாம், எதில் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கணக்குப் பார்த்தே வளர்ந்த உடம்பு அது. முழுசாகச் சாய்ந்து உட்கார ஒரு மாதம் ஆனது.

அக்கா காலனியில் தனியாக இருந்தார். புருஷன் போய்ப் பல வருஷம். கழனி வேலை, அப்புறம் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் நெல் காய வைக்கிற வேலை, முட்டி போனதும் அதுவும் நின்றது. மகன் ஒரகடம் பக்கம் கம்பெனியில். அங்கேயே ஒரு ரூம் எடுத்துக் குடும்பத்தோடு இருக்கிறான். எட்டாவது வரை படித்தவர். விசிறிக் காற்றுக்குத்தான் வந்தார், அதை அவரே சொன்னார். ஆனால் வெறுமனே உட்கார்ந்தால் விரட்டிவிடுவேனோ என்ற பயத்தில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். குழந்தைகளுக்கான படக்கதை. உதடு அசைய, விரலை வரியின்மேல் நகர்த்தி, மூன்று நாளில் அதை முடித்தார். நாலாவது நாள் அலமாரிக்கு முன்னால் போய் நின்று, "இத்த விட பெர்சா எதுனா கீதா?" என்றார்.

அப்புறம் என் நிம்மதி போயிற்று. அக்காவுக்கு மனசுக்குள் படிக்கத் தெரியாது. கதையில் வருகிற ஆட்களோடு சண்டை போடுவார். "இவனுக்கு இன்னா கேடு, பொண்டாட்டி நகைய வித்துட்டு வந்து சோறு கேக்கறான்?" என்று திடீரென்று அதட்டுவார். நான் பதிவேட்டில் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது தூக்கிவாரிப் போடும். அப்புறம் என் பக்கம் திரும்பி நியாயம் கேட்பார். "நீயே சொல்லு தங்கச்சி, இவ செய்தது தப்பா?" எனக்கு எந்த இவள், என்ன செய்தாள் என்று ஒன்றும் தெரியாது. "லைப்ரரியாம், மேடமாம்" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். அந்த ஏளனம் பொறுக்காமல்தான் முதல் நாவலைப் படித்தேன். படித்துவிட்டு வந்து, அக்கா சொன்ன நியாயம் தப்பு என்று அரை மணி நேரம் வாதாடினேன். அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பரவால்லியே, உனுக்கும் பேச வர்து" என்றார். அன்றைக்கு மாலை பஸ்ஸில் வரும்போது நானே சிரித்துக்கொண்டு வந்ததாக நினைவு.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. காலை பத்து மணிக்கு அக்கா வருவார். மடியில் வேகவைத்த வேர்க்கடலை இருக்கும். நான் பிளாஸ்க்கில் டீ கொண்டுபோவேன். படிப்பது பாதி, பேச்சு பாதி. ஆள் குறைந்த நாளில் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, "இன்னிக்கு பால்காரருக்கு நான் போடட்டா?" என்று கேட்டுக் கோணல் மாணலாக ஒன்று போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். என் வீட்டு மாடிப்படி எத்தனை என்பது வரை அவருக்குத் தெரியும். ஒருமுறை, "வெள்ளிக்கெழம லீவு விட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். துணி துவைப்பேன் என்றேன். "ஒண்டியா ஒருத்தி. எவ்ளோ துணி கீது உனுக்கு, நாள் பூரா தோய்க்க?" என்றார். எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். "எனுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சி. வூட்ல கால வெச்சா சொவுரு நாலும் என்னையே பாத்துக்கினு இருக்கும். இப்ப இன்னா, பொஸ்தகத்துல கீற ஜனங்க அல்லாரும் கூடவே வந்துட்றாங்க. அவுங்கள திட்டிக்கினே சோறாக்கி துன்னுட்டு படுத்துக்கறேன்."

அந்த மனுஷியிடம்தான் நான் அப்படிப் பேசினேன்.

சண்டைக்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். காணாமல் போன தம்பியைத் தேடி ஊர் ஊராக அலைகிற ஒரு பெண்ணைப் பற்றிய தடித்த நாவல். அக்கா முடித்துவிட்டுத் தந்தார். நான் முக்கால்வாசி தாண்டியிருந்தேன். பஸ்ஸில் படிப்பேன், அடுப்பில் பால் பொங்கும்போதும் படிப்பேன். தம்பி கிடைப்பானா மாட்டானா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஒரு திங்கட்கிழமை, வேர்க்கடலைத் தோலை உரித்துக்கொண்டே அக்கா சொன்னார். "அவ தேடிக்கினே கீறா பாவம். அவன் மொதல்லயே ஆத்துல பூட்டான் தங்கச்சி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டில் தண்ணீர் வராதது, சம்பளம் தள்ளிப்போனது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது, எல்லாம் சேர்ந்து வாயில் ஏறியது. "வீட்டுல பேச நாதியில்லன்னா இங்க வந்து என் உயிர எடுக்கணுமா?" என்றேன். சொன்ன நொடியே தெரிந்துவிட்டது. அள்ள முடியாததைக் கொட்டிவிட்டேன். அக்கா உரித்த கடலையை மேஜைமேல் அப்படியே வைத்தார். மடியை உதறிக்கொண்டு எழுந்தார். "சர்தான் மேடம்" என்றார். இரண்டு வருஷமாகத் தங்கச்சி என்று கூப்பிட்ட வாய் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை வரவில்லை. வீம்பு, நாளைக்கு வரட்டும் என்று இருந்தேன். புதன்கிழமையும் வரவில்லை. காலனி நூலகத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஏரிக்கரை வளைவில் திரும்பினால் வீடு தெரியும். நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்க வெட்கம். போதாக்குறைக்கு மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து, சனிக்கிழமை ஆய்வாளர் வருகிறார், பதிவேடெல்லாம் சரியாக இருக்கட்டும் என்று போன். நிஜமாகவே தினமும் வருகிற ஒரே வாசகர் அக்காதான். அவர் கையெழுத்து மூன்று நாள் இல்லாமல் போனால் கண்ணுக்குத் தெரியும். அக்கா பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவார், அதுதான் கையெழுத்து. கடைசிச் சுழியை மட்டும் பெரிதாகச் சுழிப்பார். எனக்கு அது கஷ்டமே இல்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை பத்து மணிக்கு, கடிகாரத்தைப் பார்த்துப் பொறுப்பாகப் போட்டேன். வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை ஒன்பதரைக்கே அன்றைய முதல் வாசகராக அக்காவைப் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன்.

பத்தரைக்கு ஆய்வாளர் வந்தார். தங்கமான மனுஷர், ஆனால் ஒரு வரி விடமாட்டார். பதிவேட்டை விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர், ஒரு பெயரில் நிறுத்தினார்.

"இந்த அம்மா ஒரு நாள்கூட லீவு போடல போலிருக்கே?"

"ஆமா சார். ரெகுலர்."

"இன்னைக்கும் வந்திருக்காங்க. எங்க?"

"இப்பதான் சார் வீட்டுக்குப் போனாங்க."

அப்போதுதான் என் செல்போன் அடித்தது. அக்காவின் மகன். அம்மா எப்போதும் நூலகத்திலேயே இருக்கிறார் என்று முன்பு ஒருமுறை என் நம்பரை வாங்கி வைத்திருந்தான். "மேடம், நேத்துலருந்து அம்மாக்கு போன் போட்றேன், எடுக்கவே மாட்டேங்குது. அங்க கீறாங்களா?"

ஆய்வாளரின் விரல் இன்னும் அக்கா பெயரின்மேல் இருந்தது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், தெளிவாக, குரல் நடுங்காமல் சொன்னேன். "இப்பதான்பா வந்துட்டுப் போனாங்க."

"அப்பாடா. சார்ஜ் போட மறந்திருக்கும் மேடம், எப்பவும் அப்பிடித்தான். நான் பயந்தே பூட்டேன்" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவனைத் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லவில்லை. அக்கா என்மேல் கோபமாக இருக்கிறார், அதனால் போனைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆய்வாளருக்கு டீ ஊற்றினேன். புத்தக இருப்பைச் சரிபார்க்க அலமாரி அலமாரியாக எண் வாசித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

முடித்துக் கையெழுத்துப் போட்டதும் ஆய்வாளர் எழுந்தார். "இந்த மாதிரி வாசகர்தான் நமக்கு வேணும். நூலக வார விழாவுல ஒரு சால்வை போடலாம். வீடு பக்கம்தானே? வாங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்" என்றார்.

நானாகப் போகவில்லை. இதை எழுதாமல் விட்டால் இதுவும் ஒரு பொய்க் கையெழுத்துதான். என் பொய்யை நிஜம் என்று நம்பிய ஒருவர் கூப்பிட்டதால்தான் போனேன். வழியெல்லாம் என்ன சமாளிப்புச் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு நடந்தேன். அக்கா வாசலில் நின்று, திங்கட்கிழமைக்கு அப்புறம் நூலகத்துக்கு வரவே இல்லை என்று சொல்லிவிட்டால் என் கதி என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டேன். தட்டினேன். ஆய்வாளரும் தட்டினார். பக்கத்து வீட்டில் பூட்டு. அந்தப் பக்கத்து வீட்டிலும் பூட்டு. ஒரு கோழி மட்டும் வாசலைக் கிளறிக்கொண்டிருந்தது. "இப்பதானே வந்தாங்கன்னீங்க, அதுக்குள்ள தூங்கிட்டாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வீட்டின் பக்கவாட்டில் போனார். பின்னால் தகரம் அடைத்த குளிக்கிற இடம். அங்கிருந்து அவர் போட்ட கத்தல் என் காதில் இன்னும் இருக்கிறது.

அக்கா சிமெண்ட் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. புடவை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. குதிகாலில் எறும்பு மொய்த்திருந்தது. தலைமாட்டில் ஒரு பக்கெட், அதில் அடியில் கொஞ்சம் தண்ணீர், கையில் இறுக்கிப் பிடித்த பிளாஸ்டிக் மக். செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போது கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது. குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

"வந்துட்டியா தங்கச்சி. நீ தேடிக்கினு வருவன்னு எனுக்கு தெர்யும்."

ஆய்வாளர் 108-க்குப் போன் செய்தார். நான் எறும்பைத் தட்டிவிட்டேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை. ஆம்புலன்ஸில் வந்த பெண், எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். "வியாயக்கெழம. காலீல. கோலம் போட்டுட்டு குளிக்க வந்தேன்" என்றார் அக்கா. ஆய்வாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. பிறகு மெமோ வந்தது, உள்ளதை உள்ளபடி பதில் எழுதினேன். வேலை எப்படித் தப்பியது என்று இன்றைக்கும் தெரியாது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் முதல் வைத்தியம் பார்த்துவிட்டுச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்பு எலும்பு முறிவு. மகன் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்தான். அம்மாவைப் பார்த்து அழுது முடித்த பிறகு, நடைபாதையில் என்னிடம் வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"காலீல வந்தாங்கன்னு சொன்னீங்களே மேடம்?"

சொன்னேன். சண்டை, பதிவேடு, ஆய்வாளர், எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றேன். அவன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஞாயித்துக்கெழமதான் மேடம் போன் பண்ணுவேன். கொயந்தைக்கு பேர் வெக்கறத பத்தி கேக்கலாம்னு இந்த வாட்டி வெள்ளிக்கெழமையே போட்டேன். இல்லன்னா நானும்..." மறுபடி அந்த அட்டையைத் திருப்ப ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் மறுநாள் வந்தாள். அவளும் புருஷனும் விடிவதற்குள் கம்பெனி வேன் ஏறி, இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். வந்ததும் டிவி போட்டுவிடுவார்கள். "கதவு சாத்திக் கெடந்துச்சி. லைப்ரரிக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சிக்கினோம்" என்று அழுதாள். அவர்கள் அக்கா என்னோடு இருக்கிறார் என்று நினைத்தார்கள். நான் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று நினைத்தேன். அக்கா எங்கள் எல்லாருக்கும் நடுவில் தரையில் கிடந்தார்.

பெண்கள் வார்டில் இரவில் ஆண் துணை கூடாது. மருமகளுக்குக் கைக்குழந்தை. "நீங்க இருப்பீங்களா மேடம்?" என்று மகன் கேட்டபோது என் காதை நம்ப முடியவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அக்கா தெளிந்துகொண்டு வந்தார். கஞ்சி கொடுத்தேன், பெட்பேன் வைத்தேன், தலை வாரினேன். நர்ஸிடம் என்னைக் காட்டி, "கூடப் பொறந்ததுங்ககூட இத்தினி செய்யாது" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நர்ஸ், ரெண்டு நாள் எப்படிம்மா கிடந்தீங்க என்று கேட்டபோது அக்கா சொன்னதையும் கேட்டேன். "மொத நாளு கத்தனேன். அப்பால தொண்ட பூட்ச்சி. தூங்கிட்டா எய்ந்திருக்க மாட்டேன்னு பயம். படிச்ச கதயெல்லாம் மொதல்லருந்து எனுக்கே சொல்லிக்கினு கெடந்தேன். ஒரு கத முடிஞ்சா இன்னொரு கத. அந்த தம்பிய தேடிக்கினு போறா இல்ல, அவள மட்டும் நாலு வாட்டி சொல்லிக்கினேன். அவளே அம்மாந்தூரம் போறா, நான் இங்க கெடக்க மாட்டேனா?"

அன்று மத்தியானம் சொல்லிவிட்டேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். நான் தேடி வரவில்லை அக்கா. ஆய்வாளர் கூப்பிட்டதால் வந்தேன். நீங்கள் வராத நாளுக்கெல்லாம் உங்கள் கையெழுத்தை நானே போட்டேன்.

பதிவேட்டு வித்தை அக்காவுக்குத் தெரிந்ததுதானே. முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எனுக்கே போட்டியா?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"வியாயக்கெழமையுமா?"

"ம்."

"எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்கு."

அக்கா கூரையைப் பார்த்தார். "பத்து மணிக்கு நான் உன் பேரத்தான் சொல்லி கூப்ட்டுக்கினு இருந்தேன். மணி பத்தாவுது, நான் வர்லன்னா அவ வந்துருவான்னு."

அன்றைக்கு என் கையால் கஞ்சி வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாளும் பேசவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கூப்பிட்டு, "அந்த மேடத்த தண்ணி குடுக்க சொல்லு" என்றார். நான் கொடுத்தேன். உயிர் பிழைத்தவரை இப்போதுதான் இழக்கிறேன் என்று புரிந்தது. குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன். எனக்கு இந்த உலகத்தில் பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, தலை வாரிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"கையெழுத்து போட்டது பத்தி எனுக்கு ஒண்ணும் இல்ல. அது உன் பொயப்பு. நானே எத்தினி போட்டுக் குடுத்து கீறேன்."

நான் சீப்பை நிறுத்தினேன்.

"கோவம் வந்துச்சி இல்ல? கோவம்னா வூட்டாண்ட வந்து, வாசல்ல நின்னுக்கினு திட்டிட்டு போயிருக்கணும். நீ ஒரு வாட்டி வந்து திட்டியிருந்தா அன்னிக்கே என்ன தூக்கியிருப்பாங்க. வராம இருந்த பாரு, அதான் தங்கச்சி தப்பு."

சிக்கெடுத்துப் பின்னி முடித்தேன்.

மகன் தன்னோடு ஒரகடத்துக்குக் கூப்பிட்டான். "அந்த ஒத்த ரூம்ல எனுக்கு கால நீட்ட எடம் கீதா?" என்று கேட்டு அக்கா மறுத்துவிட்டார். இப்போது வாக்கரை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். நூலகம் வரை வர முடியாது. பையில் புத்தகம் போட்டுக்கொண்டு நான்தான் போகிறேன். நாங்கள் திருந்திவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், இருவருக்கும் வாய் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம்கூட ஒரு கதையின் மருமகள் விஷயத்தில் பெரிய சண்டை. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார், வரமாட்டேன் போ என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். வாசலில் நின்றுகொண்டு, தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். உள்ளே சத்தமே இல்லை. வீட்டின் பக்கவாட்டுக்குத் திரும்பி நாலு எட்டு வைத்தேன். பிறகு வாக்கர் தரையில் இழுபடுகிற ஓசையும், அதற்கு முன்னால் என்னை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வருகிற அக்காவின் குரலும் கேட்டன. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.